பாய் விரிக்கிறவர்கள்

ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. மனு எழுதுவது பழக்கம். படகு பிடிபட்டால், ஆள் பிடிபட்டால், டீசல் மானியம் வராவிட்டால் சங்கத்துக்காரர்கள் என்னைத் தேடித்தான் வருவார்கள். கையெழுத்து அழகாக இருந்த காலத்தில் தொட்டது, கம்ப்யூட்டர் வந்த பிறகும் விடவில்லை. 'மதிப்பிற்குரிய ஐயா'வில் ஆரம்பித்து 'இப்படிக்கு' வரைக்கும் தூக்கத்திலும் சொல்வேன். கடைசிக்கு முந்தின பத்தியில் ஒரு வரி மட்டும் இருபது வருடமாக மாறாமல் இருக்கிறது. 'இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகளும் நேரில் சந்தித்துப் பேசி, சுமுகத் தீர்வு காண அரசு ஏற்பாடு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

போன மாதம் ஒரு பையன் வந்தான். விசைப்படகில் டிரைவர். அவனுடைய தாய்மாமன் அந்தப் பக்கம், இலங்கையில், பிடிபட்டு உள்ளே இருக்கிறார். மனுவை முழுக்கப் படித்துவிட்டு, அந்த வரியில் விரலை வைத்தான்.

"அண்ணே, இத மட்டும் எடுத்துருங்கண்ணே."

"ஏன்டா?"

"எத்தன வருசமா எழுதுறீய? பேசிப் பேசி என்னண்ணே கண்டோம்? ஆள் வேணும், படகு வேணும். அத மட்டும் எழுதுங்க."

அடிக்கிற கம்ப்ரசர் சத்தத்தில் நான் காதில் விழாதது மாதிரி இருந்துவிட்டேன். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் கேட்டது ஒரு வரியைப் பற்றித்தான். ஆனால் இந்தக் கரையில் பிறந்தவனுக்கு 'பேச்சுவார்த்தை' என்பது செய்தித்தாள் சொல் கிடையாது. நான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து அக்கம்பக்கத்து நாடுகள் இலங்கைக்காகப் பேசிக்கொண்டேதான் இருக்கின்றன.

எனக்கு நினைவு தெரிந்த முதல் பேச்சுவார்த்தை திம்பு. 1985 ஜூலை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ராமேஸ்வரத்தில் அகதிகள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் 'ஆமா'வுக்கு 'ஓம்' என்று சொல்கிறவர்கள். ஒருநாள் சாயங்காலம் வானொலியில், பூட்டான் தலைநகர் திம்புவில் இலங்கை அரசும் தமிழர் அமைப்புகளும் பேசுகின்றன என்று செய்தி வந்தது. அப்பா அறுந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "பூட்டானா? அங்க கடலே கிடையாதே" என்றார். பனிமலை ஊரில் உட்கார்ந்து இந்தக் கடல் சண்டையை எப்படித் தீர்ப்பார்கள் என்பது அவர் கவலை. வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

இப்போது யோசித்தால் பூட்டானைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருந்தது புரிகிறது. டெல்லியில் வைத்தால் இந்தியா நடத்துகிற மாதிரி இருக்கும். சென்னையில் வைத்தால் கேட்கவே வேண்டாம். சின்ன நாடு, யாருக்கும் பகை இல்லை, பாய் விரிக்கத் தோதான திண்ணை. கொழும்புக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவின் தம்பி எச்.டபிள்யூ. ஜெயவர்த்தனா, பெயர் பெற்ற வழக்கறிஞர். இந்தப் பக்கம் ஆறு அமைப்புகள்: புலிகள், டெலோ, ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எஃப்., புளொட், அப்புறம் தமிழர் விடுதலைக் கூட்டணி. ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த ஆறும் ஒரே குரலில் நான்கு கோரிக்கைகளை வைத்தன. ஈழத் தமிழர் ஒரு தேசிய இனம், அவர்களுக்கு ஒரு தாயகம் உண்டு, சுயநிர்ணய உரிமை உண்டு, தீவில் வாழும் எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை வேண்டும். முதல் மூன்றையும் பேசவே முடியாது என்றது கொழும்பு. ஆகஸ்டில் இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே வவுனியாவில் கொலைகள் நடந்த செய்தி வர, தமிழர் தரப்பு எழுந்துவிட்டது. ஆகஸ்ட் 17-இல் கதை முடிந்தது.

அதற்கு நாலு மாதம் கழித்து, டிசம்பரில், டாக்காவில் சார்க் பிறந்தது. தெற்காசிய நாடுகள் கூடிப் பேச ஒரு சபை. ஆனால் அதன் சாசனத்திலேயே, இரு நாடுகளுக்கு இடையிலான விவகாரங்களையும் சர்ச்சைக்குரியவற்றையும் இங்கே எடுக்கக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் சொத்துச் சண்டையை எடுக்காதே என்கிற மாதிரி. சரி, சபை நடக்க வேண்டுமே, அந்த நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் நடந்தது என்ன? 1986 நவம்பரில் பெங்களூரில் சார்க் மாநாடு கூடியபோது, சென்னையிலிருந்து பிரபாகரனை விமானத்தில் அங்கே கொண்டுபோனார்கள். எம்.ஜி.ஆரும் போனார். மண்டபத்தில் பேசக் கூடாததை வராந்தாவில் பேசினார்கள். அதுவும் நேருக்கு நேர் கிடையாது, இந்தியா நடுவில் நின்று சொல்லி அனுப்பியது.

திம்புவில் சறுக்கியதற்குக் காரணம் பிடிவாதம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பாயை விரித்தது இந்தியா. அதே இந்தியாவில்தான், அதிலும் தமிழ்நாட்டில்தான், அந்த இயக்கங்களுக்குப் பயிற்சி முகாம்கள் நடந்தன. எங்கள் ஊரில் அது ரகசியம்கூட இல்லை. அப்படியிருக்க, நடுவர் என்று சொன்னால் கொழும்பு எப்படி நம்பும்? இயக்கங்களோ, வரமாட்டோம் என்றால் இங்கே இருக்க முடியாது என்பதால் வந்தவர்கள். ஒரு தரப்புக்குச் சந்தேகம், இன்னொரு தரப்புக்குக் கட்டாயம்.

அடுத்தது 1987. இதைக் கண்ணால் பார்த்தேன். ஜூன் 3-ஆம் தேதி. யாழ்ப்பாணத்தில் சனங்கள் முற்றுகையில் இருக்கிறார்கள் என்று, ராமேஸ்வரத்திலிருந்து கிட்டத்தட்ட இருபது படகுகளில் செஞ்சிலுவைக் கொடியைக் கட்டி, அரிசி பருப்பு மருந்து ஏற்றி அனுப்பினார்கள். இறால் ஏற்றுகிற படகு, மூட்டை ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. பத்திரிகைக்காரர்கள் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறத் தெரியாமல் தடுமாறியதைப் பார்த்துச் சிரித்தோம். கரை முழுக்கக் கூட்டம். எல்லைக்கோட்டுப் பக்கம் இலங்கைக் கடற்படை மறித்தது. மணிக்கணக்காகப் பேசிப் பார்த்துவிட்டுப் படகுகள் திரும்பின. மறுநாள் இந்திய விமானப்படை, போர் விமானங்கள் துணைக்கு வர, ஐந்து ஏ.என்.-32 விமானங்களிலிருந்து சுமார் 25 டன் உணவை யாழ்ப்பாணத்தின்மேல் போட்டது. ஆபரேஷன் பூமாலை. பெயரைப் பாருங்கள்! அதற்கு எட்டு வாரம் கழித்து, ஜூலை 29-இல், கொழும்பில் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

அதில் தமிழர் தரப்பு கையெழுத்து ஒன்றுகூட இல்லை. மாகாண சபைகள், 13-ஆவது திருத்தம், தமிழுக்கும் ஆட்சிமொழித் தகுதி என்று அதிலிருந்து வந்தவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் வடக்கு கிழக்குத் தமிழர்கள் பிடித்துக்கொண்டு நிற்க இருக்கிற சட்டக் கயிறு அந்த 13 ஒன்றுதான். ஆனால் பாய் விரித்தவரே படையோடு வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அடுத்த இரண்டரை வருடம் காட்டியது. அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் உயிரோடு இல்லை. அந்தப் பக்கம் செத்தவர்களை அகதிப் பிள்ளைகள் பெயர் சொல்லித்தான் எண்ணினார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

பாம்பனுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, பெண் கடல் என்போம், குளம் மாதிரி கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். அப்பாவிடம் ஒரு வத்தை, சின்ன நாட்டுப்படகு, இருந்தது. பெண் கடலில்தான் பிழைப்பு. 1960-களுக்குப் பிறகு விசைப்படகுகள் பெருகின. இரவில் அப்பா மாதிரி ஆட்கள் போட்டு வைத்த வலைமேல், விசைப்படகு இழுத்துப் போகும் இழுவைமடி வலை ஏறிப் போகும். காலையில் போய்ப் பார்த்தால் மிதப்புக்கட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். அப்புறம் என்ன, கைகலப்பு, படகுக்குத் தீ, போலீஸ். 1970-களின் கடைசியில் அதிகாரிகள் இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். முடிவு ஒரே வரிதான். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு.

கடல் யாருக்குச் சொந்தம் என்று அங்கே யாரும் தீர்க்கவில்லை. யார் முதலில் வந்தவர், யார் தப்பு, அறுந்த வலைக்கு யார் காசு என்பதெல்லாம் அப்படியே கிடந்தது. நாளைப் பிரித்தார்கள், அவ்வளவுதான். இன்றும் திங்கள், புதன், சனி என்றால் விசைப்படகு. ஐஸ் கம்பெனியில் எங்கள் வேலை நேரமே அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. முந்தின நாள் ராத்திரி பார் பாராக ஐஸ் உடைத்து ஏற்றியாக வேண்டும்.

அப்பா சாகும் வரைக்கும் அந்த ஏற்பாட்டைத் திட்டினார். "நாலு நாள் நமக்குன்னு பேரு. மூணு நாள்ல அவன் வாரிட்டுப் போனது போக மிச்சத்த நாம தடவணும்" என்பார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் வலையை வாங்கிவிடுவார். திங்கட்கிழமை முழுக்க வேப்ப மர நிழலில், கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, பொத்துவார். ஊசி போய் வருவது கண்ணில் தெரியாது. கடலைப் பார்த்து உட்கார மாட்டார், ஊரைப் பார்த்துத் திரும்பி உட்காருவார். திட்டிக்கொண்டே மீறாமல் இருந்தார். அந்த மூன்று நாள் அவன் வராமல் இருந்ததில்லை, இந்த நாலு நாள் வந்ததும் அதிகம் இல்லை.

அது ஏன் நின்றது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உட்கார்ந்தவர்கள் மறுநாள் காலையில் கடலுக்குப் போக வேண்டியவர்கள். கூட்டி வைத்தவர் மீன் பிடிக்கிறவர் அல்ல, ஆனால் டோக்கன் அவர் கையில். டோக்கன் இல்லாமல் படகு அவிழ்க்க முடியாது. கேட்டதும் சின்னதாகக் கேட்டார்கள். திம்புவில் இதில் எதுவும் இல்லை.

நம் கரைகளுக்கு இடையில் போட்ட ஒப்பந்தங்களைப் பாருங்கள். 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். மலையகத்தில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ஐஸ் பாரைக்கூட நான் அறுத்துப் பிரிக்கும்போது ஒருமுறை யோசிப்பேன். அந்த ஜனங்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். அதே முகாமில்தான் வெள்ளைக்காரன் காலத்தில் அவர்களுடைய பாட்டன்மாரைத் தடுத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்து, தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 1974-இல் கச்சத்தீவு. 1976-இல் கடிதம் மாற்றிக்கொண்டு, அவரவர் எல்லையில்தான் மீன் பிடிக்க வேண்டும் என்று முடித்தார்கள். இரண்டு நாட்டுக்கும் நட்பு வளர்ந்தது என்று புத்தகத்தில் இருக்கிறது. இருக்கட்டும்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா மட்டும்தான் எங்களுக்கு மிச்சம். இலங்கையின் நெடுந்தீவுப் பங்கிலிருந்து ராமேஸ்வரத்து வேர்க்கோட்டுப் பங்குக்கு அழைப்பு வரும். பெயர் கொடுத்து, அடையாள அட்டை காட்டி, உயிர்காக்கும் சட்டை மாட்டி, படகேற வேண்டும். பாஸ்போர்ட் வேண்டாம். நான் நாலைந்து தடவை போயிருக்கிறேன். குடிக்கத் தண்ணீர் இல்லாத தீவு, முள்ளும் மணலும். சாயங்காலம் சிலுவைப்பாதை, ராத்திரி தேர்ப்பவனி, காலையில் பூசை, மதியத்துக்குள் அவரவர் படகு. இடையில் கிடைக்கிற ராத்திரியில்தான் எங்கள் உண்மையான பேச்சுவார்த்தை.

ஒரு வருடம், பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தவர் யாழ்ப்பாணக் கரையோரத்துக்காரர். என் அப்பா வயது. எங்கள் ஆட்கள் கருவாடு, சேலை என்று கொடுத்து ராணி சந்தன சோப் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் கேட்டார், "தம்பி, நீங்கள் இழுவைப் படகோ?"

"இல்லங்கய்யா, ஐஸ் கம்பெனி."

"அப்ப அந்தப் படகுக்கு ஐஸ் குடுக்கிற ஆள்."

எனக்குப் பதில் வரவில்லை. அவரே சிரித்தார். "கோவிக்காதேங்கோ. சண்டைக் காலத்தில எங்களைக் கடலுக்கு விடேல்லை. விட்ட பிறகு போனா, உங்கட படகு நிக்குது. ராத்திரி வலை போட்டா விடிய வலை இல்லை. ஒரு தொகுதி வலைக்கு நான் எவ்வளவு கடன் பட்டிருக்கிறன் தெரியுமோ? நேவிக்காரன் உங்களைப் பிடிக்கேக்க எனக்கும் கவலைதான், தமிழன்தானே. ஆனா என்ர வலை?"

"உட்கார்ந்து பேசினா தீராதாங்கய்யா?"

"கதைக்கலாம். கதைச்சிருக்கிறம். நாங்கள் கதைச்சது கொழும்புக்கும் டெல்லிக்கும் போய்ச் சேரேல்லை."

அப்பா பேசியதை வேறு தமிழில் கேட்ட மாதிரி இருந்தது. மிதப்புக்கட்டை மட்டும் மிஞ்சுகிற அதே காலை. இந்த முறை ஏறிப் போன மடி எங்கள் பக்கத்து மடி, அதில் ஏறியிருந்தது எங்கள் ஐஸ்.

அவர் சொன்னது உண்மை. 2004-இல் இங்கிருந்து மீனவர் குழு போய் வந்தது. 2010 ஆகஸ்டில் அவர்கள் வந்தார்கள். ஒரு வருடத்தில் இழுவைமடியை விட்டுவிடுகிறோம், அதுவரை அவர்கள் கடலில் ஆண்டுக்கு 70 நாள் மட்டும் என்ற அளவுக்குச் சென்னையில் பேசி முடித்தார்கள். நாளைப் பிரிக்கிற அதே பழைய வழி! அதன்மேல் அரசுகள் முத்திரை குத்தவில்லை. 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் கூடினார்கள். 2015 மார்ச்சில் நம் பக்கம், மூன்று வருடம் வேண்டும், ஆண்டுக்கு 83 நாள் வேண்டும் என்றது. அவர்கள் முடியாது என்றார்கள். 2017-இல் இலங்கை இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடுத்தது. இங்கே அதே வருடம், 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு மானியம் கொடுத்து ஆழ்கடலுக்கு அனுப்பும் திட்டம் வந்தது. பெண் கடலில் மூன்று நாள் போய் வந்தவனை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிட என்றால் லேசில் போவானா? நம் பக்கத்துத் தப்பையும் எழுத வேண்டும்தானே. ஒரு வருடம் என்று ஒத்துக்கொண்டு, ஐந்து வருடம் கழித்து மூன்று வருடம் கேட்டவர்கள் நாம்.

நார்வே வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம், தாய்லாந்து, ஆஸ்லோ, பெர்லின், ஜப்பான் ஹகோனே வரை ஆறு சுற்று. தூரத்து நாடு, இங்கே சொந்தக் கணக்கு எதுவும் இல்லை என்பதே அதன் தகுதி. டோக்கன் கையில் இல்லாததே அதன் குறையும்கூட. இந்தப் பக்கம் மியான்மருக்காக 2021 ஏப்ரலில் தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாடுகள் ஜகார்த்தாவில் ஐந்து அம்சம் பேசி முடித்தபோது, ஆட்சியைப் பிடித்த தளபதி நாற்காலியில் இருந்தார், தேர்தலில் ஜெயித்தவர்கள் வெளியே இருந்தார்கள். அதைப் படித்ததும், தோட்டத்து ஜனங்களைக் கேட்காமல் போட்ட 1964 ஒப்பந்தம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

2022-ஐயும் சொல்ல வேண்டும். மார்ச் 22. அரிச்சல்முனைக்கு அப்பால் நான்காம் மணல் தீடையில், ராத்திரியில் படகுக்காரன் இறக்கிவிட்டுப் போன ஆறு பேரைக் கடலோரக் காவல்படை மீட்டுக் கொண்டுவந்தது. அதில் ஒரு கைக்குழந்தை. போருக்குத் தப்பி வந்தவர்களைப் பார்த்த கரை இது. இவர்கள் பால் மாவு விலைக்குத் தப்பி வந்தவர்கள். ஏப்ரலில் இலங்கை வெளிக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, ஜூலை 9-இல் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள், கோட்டாபய மாலத்தீவு வழியாகச் சிங்கப்பூர் போய் அங்கிருந்து பதவி விலகினார். இந்த முறை இந்தியா பாய் விரிக்கவில்லை. யார் ஆளுவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டு, எரிபொருள், மருந்து, கடன் என்று ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கொடுத்தது. சர்வதேச நாணய நிதியத்துக்கு, கடனைச் சீரமைக்கச் சம்மதம் என்று முதலில் எழுதிக் கொடுத்ததும் இந்தியாதான். தமிழ்நாடு 40,000 டன் அரிசி அனுப்ப முடிவெடுத்தது. தமிழருக்கு மட்டும் என்று அனுப்பாதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று அங்கிருந்த தமிழர்களே சொன்னார்கள். இத்தனை வருடப் பேச்சுவார்த்தைகளில் எனக்குப் பிடித்த வாக்கியம் எது என்று கேட்டால், எந்த மேசையிலும் எழுதப்படாத அதைத்தான் சொல்வேன்.

மறுநாள் பையன் வந்தான். சனிக்கிழமை தொழிலுக்காக வெள்ளிக்கிழமை ராத்திரி ஐஸ் ஏற்றுகிற நேரம். வாசலில் மூன்று வண்டி நின்றது. மனுவை எடுத்துக் கொடுத்தேன். அந்த வரி இருந்தது. ஆனால் 'பிரதிநிதிகள்' என்பதை அடித்துவிட்டு, 'வலை அறுந்தவர்களும் அறுத்தவர்களும்' என்று போட்டிருந்தேன்.

ரொம்ப நேரம் அதைப் பார்த்தான்.

"அறுத்தவங்கன்னு நாமளே எழுதிக் குடுத்தா, கேஸுக்குப் பாதகமா ஆயிராதாண்ணே?"

நியாயமான கேள்வி. எனக்கு அது தோன்றவே இல்லை. பேனாவை வாங்கி, 'அறுத்தவர்களும்' என்பதை அடித்துவிட்டு என்ன எழுதுவதென்று தெரியாமல் நின்றேன். வெளியே ஹாரன் அடித்தார்கள்.

"அவங்க கூப்புடுறாக. பாருண்ணே, யோசிச்சு வைங்க. ஐஸ் ஏத்திட்டு வாறேன்" என்று வண்டிக்குப் போனான்.